அல்ஜீப்ரா பேராசிரியரின் மணிக்கட்டு

"தொடாதீங்கோ! மயக்க ஊசி உண்டா, இல்லையா? முதல்ல அதைச் சொல்லுங்கோ."

லக்ஷ்மிநரசிம்மன் வலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். திருப்பதியில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியர். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து விலகியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் தொடப்போனதுமே ஓடி வந்தவரை, மனைவி பூமா புத்தூருக்கு, எலும்பு வைத்தியர் பாலையாவிடம் அழைத்து வந்திருந்தாள்.

"ஊசியெல்லாம் இல்ல சார். இழுத்து வெச்சாத்தான் எலும்பு நேரா ஒக்காரும். இப்படியே வுட்டா கோணலா கூடிப்பூடும். அப்புறம் சாக்பீஸ் புடிக்க முடியாது," என்றார் பாலையா.

"பரவாயில்லை. பூமா, கிளம்பு."

"நீங்களாச்சு, அவராச்சு. எனக்கு இதையெல்லாம் பார்த்தா தலை சுத்தறது," என்று பூமா வெளியே போய்விட்டாள்.

எண்ணெய் எடுக்க பாலையாவும் வெளியே போனார். திரும்பி வந்தவர் அவசரமே காட்டவில்லை. எதிரில் உட்கார்ந்து, முழங்கையில் பட்டும் படாமலும் எண்ணெய் தடவினார்.

"கணக்கு வாத்தியாராமே நீங்க? அல்ஜீப்ரா அல்ஜீப்ரான்னு பசங்க சொல்லிக்கினு இருக்காங்களே, அதுக்கு இன்னா சார் அர்த்தம்?"

லக்ஷ்மிநரசிம்மனின் முகம் மலர்ந்தது.

"அடடா! இத்தனை வருஷத்துல ஒரு மாணவன்கூட இதைக் கேட்டதில்லை. அது அரபு வார்த்தை. அல்-ஜப்ர். உடைஞ்சதைச் சேர்க்கறதுன்னு அர்த்தம்!"

"ஒடைஞ்சதையா?"

"ஆமாம்! ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி பாக்தாத்துல ஒரு மேதை இருந்தார். சமன்பாட்டுல ஒரு பக்கம் கழித்தல் குறியோட குறையா நிக்குமில்லையா, அதை ரெண்டு பக்கமும் கூட்டி முழுசாக்கினார். அந்த வேலைக்குத்தான் இந்தப் பேர். அப்புறம் அந்த வார்த்தை ஸ்பெயினுக்குப் போச்சு. அங்கே அல்ஹெப்ரிஸ்தான்னு ஒருத்தரைச் சொல்வா. யாரு, சொல்லுங்கோ பார்ப்போம்?"

"கணக்கு வாத்தியாரு?"

"இல்லை! எலும்பு வைத்தியர்! சாட்சாத் நீங்கதான்! நான் போர்டுல பண்றதும், நீங்க இங்கே பண்றதும் ஒரே... ஆ!"

'டக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். குனிந்து பார்த்தார். மூங்கில் பத்தைகளை வைத்து பாலையா துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுடுத்தா?"

"ஆச்சு சார். எலும்பு எடத்துல ஒக்காந்துடுச்சு."

லக்ஷ்மிநரசிம்மனுக்குக் கண் கலங்கியது. "உங்க கைக்கு ஒரு நமஸ்காரம். அந்தக் கேள்விக்கு இன்னொரு நமஸ்காரம். என்ன ஒரு ஆர்வம் உங்களுக்கு! என் ஆத்துக்காரியும் இருக்காளே, கல்யாணமான நாளா இதைச் சொல்லிண்டிருக்கேன், காதுலயே வாங்கிக்க மாட்டா."

பாலையா முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கேள்வி என்னுது இல்ல சார். வெளிய அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. 'அல்ஜீப்ராவுக்கு அர்த்தம் கேளுங்கோ, பேச ஆரம்பிச்சுடுவார். ஸ்பெயின் வந்ததும் அவருக்கு இந்த லோகமே மறந்துபோயிடும், அப்போ இழுத்துடுங்கோ'ன்னு."