கீழே ஒரு பாராட்டு விழா

இருதயராஜ் வீட்டில் காய்ச்சிய பீர் கண்ணாடி ஜாடியில் இருந்தது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்கள் பத்து நாள் பாடுபட்டு, பார்லிச் சாற்றிலிருந்த சர்க்கரையைத் தின்று அதைப் பீராக்கியிருந்தன. ஆனால் அவை இன்னும் உள்ளேயே மிதந்ததால் பீருக்கு மனக்குறை.

"கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கலா இருக்கேன். நாலு பேர் முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்?"

அதைத் தெளிய வைக்க இருதயராஜ் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து ஊற்றினார்.

"யாரையெல்லாம் அடியில அனுப்பணும்?" என்று கேட்டது ஜெலட்டின்.

"எல்லாரையும்" என்றது பீர்.

ஜெலட்டின் ஒவ்வொரு ஈஸ்ட்டிடமும் போய்க் கிசுகிசுத்தது. "அண்ணே, கீழே உங்களுக்குப் பாராட்டு விழா. என் தோளைப் பிடிச்சுக்குங்க."

ஒரு ஈஸ்ட் மட்டும் சந்தேகப்பட்டது. "மேளச் சத்தமே கேக்கலையே?"

"நீங்கதானே தலைவர்! நீங்க வராம எப்படி ஆரம்பிப்பாங்க?"

அது எல்லாரையும் முந்திக்கொண்டு இறங்கியது.

நாலாம் நாள் பீர் தங்கமாக மின்னியது. நுரை வருவதற்காக இருதயராஜ் அதில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தார். அடியில் தங்கிய வண்டலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து நண்பர்கள் வந்தார்கள். மூடி திறந்தது. 'புஸ்' என்ற சத்தமே இல்லை.

"பார்க்க ஜோர். குடிச்சா கேஸ் போன சோடா" என்றார் ஒருவர்.

பீர் பதறிப்போய், பாட்டிலுக்குள் தப்பி வந்திருந்த ஜெலட்டின் துணுக்கிடம் கேட்டது. "என் நுரை எங்கே?"

"நுரை போடுறவங்களைத்தானே விழாவுக்கு அனுப்பச் சொன்னே?"

மறுநாள் இருதயராஜ் அந்த வண்டலைப் புதிய பார்லிச் சாற்றில் கொட்டினார். ஈஸ்ட்டுகள் கண் விழித்து, நாலாபுறமும் இனிப்பைப் பார்த்தன.

"விழா கொஞ்சம் லேட்டுதான்" என்றது தலைவர் ஈஸ்ட், வாய் நிறைய மென்றபடி. "ஆனா சாப்பாட்டுல குறை சொல்ல முடியாது."