வெறும் காத்து

வெறும் காத்த அளந்தாலும் ஸ்கிரீன்ல கோடு மறுபடியும் ஏறுது.

கரெக்டா எடை முன்னூத்தி எழுபத்தொண்ணுல. திங்கக்கிழமைலேர்ந்து இதே தலைவலி.

அக்கா ஸ்கிரீன முறைச்சுட்டு நிக்கறா. என்னைய திட்டறப்போ கூட இப்படி முறைச்சதில்ல.

மேட்டர் இதுதான். பூச்சி கடிச்சா செடி ஒரு வாயுவ வெளிய விடும். அது என்ன வாயுன்னு அக்காவோட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறு மூலக்கூறா எடை பார்த்து சொல்லிடும். எட்டு வருஷ உழைப்பு. ஜர்னல்காரங்க கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டாங்க. செடியே இல்லாத காத்துல கோடு தட்டையா இருக்கணும், அத காட்டுங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. இல்லன்னா கட்டுரை வராது.

மணி நாலு.

முன்னூத்தி எழுபத்தொண்ணுன்னா சிலிக்கோன். மெஷினோட ரப்பர் சீல்லேர்ந்து வரும்னு அக்கா சீல், டியூப் எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சு. டியோடரண்ட்லேர்ந்தும் வரும். ஆனா எங்க லேப்ல அத போட்டுட்டு வந்தா வாசலோடயே திருப்பி அனுப்பிடுவா. அவ குளிக்கற சோப்புக்கே வாசனை கிடையாது.

எனக்கு ஒரு கிறுக்கு யோசனை. அக்காவ கொஞ்சம் வெளிய போய் நிக்கச் சொன்னேன்.

என்னையே சந்தேகப்படறியாடின்னு எகிறினா. கையெடுத்துக் கும்பிட்டு, வெளிய தள்ளி, கதவ சாத்தினேன்.

பத்து நிமிஷம். கோடு சறுக்கிட்டே வந்து அப்படியே படுத்துடுச்சு.

இருபது நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி, நாலே முக்காலுக்கு ஜர்னலுக்கு அனுப்பியும் விட்டாச்சு. கதவ திறந்ததும் அக்கா பாஞ்சு வந்து கட்டிப் பிடிச்சா, எலும்பு நொறுங்கற மாதிரி.

கோடு மறுபடியும் ஏறுது.

நான் ஒண்ணுமே பூசலடி, சத்தியமான்னு அக்கா அழாத குறை. பொய் சொல்ல தெரியாத ஜென்மம், நம்பினேன். ஆனா கட்டிப் பிடிச்சப்போ என் மூக்கு அவ இடது தோள்ல இருந்துச்சே.

வாசனை இருந்துச்சு. ஆம்பளைங்க போடற டியோடரண்ட்.

நான் வாயத் திறக்கறதுக்குள்ள கதவுல டொக் டொக். அடுத்த பில்டிங் லைப்ரரியன். எல்லாமே கம்ப்யூட்டர்ல கிடைக்கற காலத்துல, கையில ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துட்டு வந்து நிக்கறார். மேடத்துக்கு அவசரமா தேவைப்படுமோன்னு கொண்டு வந்தாராம்.

அவர் உள்ள கால் வெச்சார். கோடு ஸ்கிரீனையே தாண்டிப் போயிடுச்சு.

அக்கா கூரையில இல்லாத பல்லிய தேட ஆரம்பிச்சா.

இத்தன நாளா அவர சார்னுதான் கூப்பிட்டுட்டு இருந்தேன். ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க மாமா."

அக்கா திருத்தல.