சுவருக்குச் சாட்சி

"உங்க ஆளு உங்க கல்லை ஒடைப்பானா அண்ணாச்சி? சும்மா தடவிக் குடுக்கான்."

இராமலட்சுமி இப்படிச் சொன்னதும் தில்லைநாயகத்தின் முகம் செத்துப் போயிற்று.

மேலகரத்தில் அவள் வீட்டின் பின்சுவர் முன்பு வெறும் மண்கல்லால் கட்டியது. போன வருஷம் ஆடிச் சாரலில் ஊறிக் கிடந்த அந்தச் சுவரில் எவனோ கன்னம் வைத்து, மகள் கல்யாணத்துக்குச் செய்த நகையை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டான். கல்யாணமும் நின்றது. இப்போது வயலை விற்று மறுபடியும் நகை செய்தாயிற்று, வேறு மாப்பிள்ளையும் அமைந்துவிட்டான். சூடு கண்ட பூனை அவள். லேசில் நம்புவாளா?

தில்லைநாயகம் செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்டைக் கலந்து, கை மிஷினில் அழுத்தி, சூளையில் வைக்காமலே காயவைத்த கல்லால் அவளுக்குப் புதுச்சுவர் எழுப்பியிருந்தார். ஊரிலேயே அதுதான் முதல் சுவர். அவள் வேண்டாமென்றால் அவர் பட்டறைக்குப் பூட்டுதான். அதனால்தான் அங்கே மிஷின் அழுத்தும் அய்யாக்குட்டியைக் கடப்பாரையோடு அழைத்து வந்து, அவள் கண்முன்னே சுவரைக் குத்தச் சொன்னார். ஐந்தருவிப் பக்கம் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு அவர்தான் எட்டு மாதமாகச் சோறு போடுகிறார்.

அரைமணி நேரம் குத்தியும் உள்ளங்கை அளவுக்குத்தான் பெயர்ந்திருந்தது. அய்யாக்குட்டியின் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

இராமலட்சுமி மசியவில்லை. சூளைச் செங்கல்லுக்குச் சொல்லியாயிற்று, நாளைக்கே இதை இடித்துத் தள்ளப் போவதாகச் சொன்னாள். வேலியோரம் தெருவே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. இந்த ஒரு சுவர் இடிந்தால் இனி எவன் இந்தக் கல்லை வாங்குவான்? தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். அய்யாக்குட்டி அதைப் பார்த்தான்.

"இவன் குத்துனத நம்பி எம்பிள்ள வாழ்க்கையில மறுபடியும் மண்ணப் போடச் சொல்லுதீங்களா?" என்றாள் அவள். "கல்லு செய்யுதவனுக்குச் சுவர ஒடைக்கதப் பத்தி என்ன தெரியும்?"

அய்யாக்குட்டி கடப்பாரையைக் கீழே போட்டான்.

"தெரியும் ஆச்சி. இதே எடத்துல இருந்த பழைய சுவருக்கு எனக்குக் கால்மணி நேரந்தான் பிடிச்சுது."