தலைக்கு மேல் இருநூறு வருஷம்

"ஏங்க, ஹாட் சாக்லேட் ஆறுது. முள்ளு மேல உட்கார்ந்த மாதிரி ஏன் நெளியுறீங்க?" என்றாள் மனைவி.

அவர் பார்வை கூரையை விட்டு இறங்கவில்லை. "சீக்கிரம் குடிச்சிட்டுக் கிளம்பு."

"இருநூறு வருஷக் கட்டடத்துல நிதானமா ரசிச்சுக் குடிக்கலாம்னு கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். உத்தரத்திலிருந்து பொடி உதிர்ந்து கோப்பையில் விழுந்தது. அவர் அடித்துப்பிடித்து எழுந்தார்.

சர்வர் ஓடிவந்தார். "பயப்படாதீங்க சார். உத்தரம் ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்துதான் இன்ஜினியர் சர்டிபிகேட் கொடுத்திருக்கார். வாசல்லயே மாட்டியிருக்கோம்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள் மனைவி.

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "அந்த ஆள் இந்தத் தெருப் பக்கமே வரலடி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டது நான்தான்."