எத்தனை பெயர் கொடுத்தாலும்

“லிஸ்ட்ல மொத பேரே உன்னுதாம் ராஜி. பேசிக்கினு கீறாங்க” என்றான் அடுத்த சீட் சுலைமான்.

ராஜகுமாரி தலையாட்டிவிட்டு டைப் அடித்தாள். அந்த லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு வேலைநீக்கக் கடிதம் அனுப்பும் புரோகிராமைத்தான். கணவனுக்கு மார்ச்சிலேயே வேலை போயிருந்தது. வெள்ளானூர் வீட்டில் மிச்சம் இவள் வேலை ஒன்றுதான். பயப்படக்கூட அலுத்துப்போயிருந்தது.

அம்பத்தூர் கிளைத் தலைவர் சிவராமன் பின்னால் வந்து நின்றார். ஊழியர்களைக் ‘குடும்பம்’ என்றுதான் சொல்வார்.

“எத்தனை பேர்னு தெரியலையே சார்” என்றாள் ராஜகுமாரி.

“நாலும் இருக்கலாம், நாப்பதும் இருக்கலாம். எத்தனை பேர் கொடுத்தாலும் புரோகிராம்ல ஒரே மெத்தட் வாங்கிக்கணும். பொங்கல் வாழ்த்துக்கு நான் எழுதினேனே, அதையே எடு. பேர் கொடுத்தா அவங்களுக்கு மட்டும் போகும், கொடுக்கலைன்னா குடும்பம் மொத்தத்துக்கும் போகும். இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல.”

“அதுல கொஞ்சம் மாத்தணும் சார்…”

“என் புரோகிராம்லயா?”

அவர் போகும்வரை ராஜகுமாரி காத்திருந்தாள். பிறகு ‘இனிய பொங்கல்’ என்ற இடத்தை அழித்து ‘இன்றோடு உங்கள் வேலை முடிகிறது, வருந்துகிறோம்’ என்று அடித்தாள். வேறெதையும் தொடவில்லை.

நான்கு மணிக்கு எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். சிவராமன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அவருடைய லேப்டாப் பெரிய திரையில் தெரிந்தது.

“ஹெட் ஆபீஸோட மூணு நாள் சண்டை. என் குடும்பத்துல ஒருத்தரையும் தரமாட்டேன்னுட்டேன். நல்லா பாருங்க, ஒரு பேரும் கிடையாது.”

பெயர்களுக்கான இடம் வெறுமையாக இருந்தது.

“ஆனா இந்த மாசத்துக்கு புரோகிராமை ஓட்டித்தான் ஆகணுமாம். காலியாவே ஓட்டிடுறேன், உங்க கண்ணு முன்னாலயே.” தேர் வடம் தொடுவதுபோல விரலை நீட்டி பட்டனை அழுத்தினார்.

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. சுலைமான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “தப்பிச்சோம் ராஜி.”

முதலில் அவன் போன் சிணுங்கியது. அடுத்து பின் வரிசையில் நாலைந்து. அப்புறம் எண்ண முடியவில்லை.

ராஜகுமாரி தன்னுடையதைப் படித்தாள். இரண்டே வரி. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மேடையில் சிவராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தன் போனை மூக்கருகே பிடித்திருந்தார். மைக் இன்னும் ஆனில் இருந்தது.

“ஏம்மா, இதுல ‘அன்புள்ள சிவராமன்’னு போட்டிருக்கே?”