தேய்ந்த கொண்டி

“துப்பாக்கி தானா வெடிக்குமா?” என்று போலீஸ் கேட்டபோது, “எங்க கடையில பழுது பார்த்தது வெடிக்காது” என்றாள் துப்பாக்கி பழுது பார்க்கும் ஐலி. பின்லாந்தின் வடக்கே, லாப்லாந்தில் கடமான் வேட்டையின்போது நேர்ந்த சாவுக்கு, “என் விரல்தான் பட்டுச்சு” என்று ஒப்புக்கொண்டு, துப்பாக்கியை வைத்திருந்த தவுனோ தண்டனையும் அனுபவித்தான்.

தண்டனை முடிந்து வந்தவன், அதே துப்பாக்கியை அவள் மேசையில் வைத்தான்.

“இதை வெட்டிப் போட்டுடு.”

“உன் விரலைத்தான் வெட்டணும்!”

கழற்றினாள். தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொண்டி ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தது.

“இது சுட்டுத் தேஞ்சது இல்ல. விசை லேசா இருக்கணும்னு யாரோ அராவியிருக்காங்க. தானாத்தான் வெடிச்சிருக்கு! யார் வேலை இது?”

தவுனோவின் பார்வை சுவரிலிருந்த படத்துக்குப் போனது. அவளோடு அந்தக் கடையில் துப்பாக்கி பழுது பார்த்த அவள் கணவன். குண்டு பட்டு இறந்தவனும் அவன்தான்.

“கோர்ட்டுல ஏன் சொல்லல?”

“கடையை நீ நடத்தணும்ல?” என்றபடி தவுனோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.