புலி நீட்டிய பாதம்

புலியின் முன்னங்காலில் கருவேல முள் ஏறி எட்டு நாளாகிவிட்டது. பாதம் வீங்கிச் சீழ் பிடித்துவிட, புலி ஓடைக்கரை மணலில் படுத்துக் கிடந்தது. குத்தி எடுக்க ஊசி போன்ற அலகு வேண்டுமென்று மீன்கொத்தியைக் கூப்பிட்டிருந்தது.

மீன்கொத்தி பயந்துகொண்டேதான் வந்தது. கிட்டே வந்து பார்த்தால் புலியின் மீசை நடுங்கிக்கொண்டிருந்தது.

"உன் அலகைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது," என்றது புலி.

"உங்களுக்கா பயம்?"

"எனக்குத்தான். திடீரென்று குத்திவிடாதே. சொல்லிவிட்டுக் குத்து. சொல்லாமல் குத்தினால் என் நகம் என் பேச்சைக் கேட்காது."

மீன்கொத்தி வீங்கிய பாதத்தின் அருகே நகர்ந்தது. "மூச்சை நன்றாக இழுத்து மெதுவாக விடுங்கள். பாதி மூச்சு வெளியே வரும்போது குத்துவேன்."

புலி மூச்சு விட்டது. மீன்கொத்தி குத்தியது.

எழுந்த உறுமலில் குரங்குகள் கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தன. நம் கதை முடிந்தது என்று மீன்கொத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஒன்றும் நடக்காததால் மெல்லத் திறந்து பார்த்தது. புலியின் இன்னொரு முன்னங்கால் மணலை முழ ஆழம் பறித்திருந்தது. வீங்கிய பாதமோ வைத்த இடத்திலேயே இருந்தது. அதில் ஒரு நகம்கூட வெளியே வரவில்லை. மீன்கொத்தி அலகை மூட மறந்து அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"முடிந்ததா?" என்றது புலி.

"சீழ் போய்விட்டது. முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மறுபடி ஒரு தடவை குத்த வேண்டும்."

புலியின் கண்ணில் நீர் நின்றது. பாதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, தானாகவே மூச்சை இழுக்கத் தொடங்கியது.